நிவாரணம் என் பெயருக்கு வந்தது

தம்பி,

நேற்றுக் காலை போனில் "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? ஏன் இப்படிப் பண்ணினேன் என்று எனக்கே ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் எனக்கும் கொஞ்சம் விளங்குமோ என்று ஒரு ஆசை. முட்டிவலி வந்தபிறகு பஸ் ஏறி வயலுக்குப் போய்வருவதே பெரிய காரியமாகிவிட்டது. அதனால் வருகிற தை மாதம் நிலத்தை உன் பெயருக்கு எழுதிவிடுவது என்று நாம் பேசி வைத்ததில் மாற்றம் இல்லை. ஆனால் உன் கைக்கு வருவதற்குள், அந்த நிலத்தில் இந்த ஒரு வருஷத்தில் என்ன நடந்தது என்பது என் வாயால் உனக்குத் தெரிய வேண்டும். மாமா உன்னிடம் சொன்னதில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் மாமா பெரம்பலூரில் இருந்தார். நடந்த இடத்தில் இருந்தவள் நான்.

உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். திருமானூர் பக்கத்து நிலம் உங்கள் அப்பாவுக்குப் பாகத்தில் வந்தது. அவர் அரியலூரில் சிமெண்ட் ஆலை ஆபீசில் வேலை பார்த்தவர். ஏர் பிடித்தவர் இல்லை. ஏலாக்குறிச்சிப் பக்கத்து அந்தோணிதான் அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுதான். அவனுடைய அப்பா அதே வயலில் கூலிக்கு வேலை செய்தவர். விதை, உரம், ஆள்கூலி எல்லாம் அந்தோணி செலவு, அறுப்பு முடிந்ததும் பேசினபடி மூட்டைகள் நம் வீட்டுக்கு வரும், மீதி அவனுக்கு. இதற்கெல்லாம் ஒரு துண்டுத் தாள்கூட எழுதினதில்லை. அப்பா போனபிறகு காரியத்துக்கு வந்தவன், கூட்டமெல்லாம் கலைந்ததும் என்னிடம் வந்து, "நெலத்த நானே பாத்துக்கவாம்மா?" என்று கேட்டான். "வேற யாருப்பா பாப்பா?" என்றேன். எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

அந்தோணியைப் பெரிய உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வருஷம் புகையான் பூச்சி விழுந்து பயிர் போய்விட்டது என்று சொல்லி மூட்டையைக் குறைத்துக் கொண்டுவந்தான். அதே வாரம் திருமானூர் கொள்முதல் நிலையத்தில் அவன் வண்டியிலிருந்து மூட்டை இறங்குவதை உங்கள் அப்பா கண்ணால் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அவன் பொண்ணுக்கு ஏலாக்குறிச்சி மாதா கோயில்ல புதுநன்மை விசேஷம் வச்சிருக்கான். துணிமணி எடுக்கணும்ல" என்றார். "அதுக்காக நம்மகிட்ட பொய் சொல்லலாமா?" என்றேன். "கேட்டா குடுத்திருப்பமா?" என்றார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் யாரிடமோ ஏமாந்துவிட்டேன் என்று நீ நினைக்கிறாய். யாரென்று தெரிந்தேதான் செய்தேன்.

போன கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. கொள்ளிடத்திலும் தண்ணீர் நிரம்பிப் போனதால் வயல் தண்ணீர் வடிய வழியில்லாமல் அப்படியே நின்றுவிட்டது. சம்பா கதிர் வாங்கும் நேரம். அந்தோணி போன் செய்து, "அம்மா, பயிரு தெரியலம்மா, தண்ணிதான் தெரியுது" என்றான். மழை விட்டதும் பஸ் ஏறிப் போனேன். வரப்பில் நின்று பார்த்தால் குளம் மாதிரி இருந்தது. அங்கங்கே பயிரின் நுனி மட்டும் அழுகின பழுப்பு நிறத்தில் தலை காட்டிக்கொண்டிருந்தது. அந்தோணியின் மனைவி ஆரோக்கியம் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு பயிராகப் பிடுங்கி, வேரைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றாவது பிழைத்திருக்காதா என்று தேடுகிறாள் என்று நினைத்தேன். "எதுக்கும்மா தண்ணியில நிக்கற, மேல வா" என்றேன். "மேல வந்து என்னம்மா செய்யறது?" என்றாள்.

அப்போதுதான் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். வேளாண்மை ஆபீசிலிருந்து ஒருவர், கூட வி.ஏ.ஓ. அந்த வி.ஏ.ஓ. சின்ன வயசுப் பெண். சேறு படாமல் இருக்க பேண்ட்டை மடித்து விட்டிருந்தாள். "பட்டா யாரு பேருல?" என்று கேட்டாள். என் பெயரில்தான். "நீங்க வயல்ல நில்லுங்கம்மா, போட்டோ எடுக்கணும்." நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அந்தோணி என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். ஆரோக்கியம் தன் கையில் இருந்த அழுகின பயிரை என் கையில் கொடுத்தாள். பிறகு அந்த ஆபீசர், "பட்டாதாரர் மட்டும் நில்லுங்க, மத்தவங்க தள்ளிக்கங்க" என்றார். இருவரும் தள்ளி நின்றார்கள். வாழ்நாளில் ஒரு நாற்று நட்டதில்லை நான். அழுகின பயிரைப் பிடித்துக்கொண்டு, பயிர் போன விவசாயியாகப் போட்டோவில் நின்றேன். நிவாரணம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தோணிகூட, "நல்லா நில்லுங்கம்மா, மொகம் தெரியட்டும்" என்றுதான் சொன்னான். அவன் அதைக் கிண்டலாகச் சொன்னானா, நல்லதற்குச் சொன்னானா என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது.

மாசி மாதம் என் பேங்க் கணக்கில் பணம் ஏறியது. போனில் மெசேஜைப் பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டுமா என்று புரியவில்லை. நஷ்டப்பட்டது யார்? எனக்கு அந்த வருஷம் மூட்டை வரவில்லை, அது நஷ்டம்தான். ஆனால் எனக்கு அப்பாவின் பென்ஷன் இருக்கிறது. கடனை வாங்கி உரம் போட்டவன் அந்தோணி. வந்ததை அப்படியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு நல்ல காரியம் செய்யப்போகிற சந்தோஷம். அவர்கள் என்ன சொல்வார்கள், நான் எப்படிப் பதில் சொல்வேன் என்றெல்லாம் பஸ்ஸிலேயே நினைத்துப் பார்த்துக்கொண்டேன். போய்க் கொடுத்ததும் அந்தோணி இரண்டு கையாலும் வாங்கி மாதா படத்துக்கு முன்னால் வைத்தான். "நீங்க இருக்கறதாலதாம்மா" என்றான். நான் எதிர்பார்த்த மாதிரியேதான் இருந்தது. ஆரோக்கியம் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிலைப்படியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்கம்மா. எங்க பேருக்கு வந்திருந்தா அது எங்க பயிருக்கு வந்த நஷ்டஈடு. ஒங்க கையால குடுத்தா அது தர்மம். ரெண்டும் ஒண்ணு இல்லல்ல?"

அந்தோணி பதறிப்போய், "ஏய், என்னா பேசற நீ? அம்மா பஸ் ஏறி வந்து குடுத்திருக்காங்க" என்றான். "இந்தம்மா குடுத்தாங்க. நாளைக்கு தம்பி வந்தா குடுப்பாங்களா? நான் அதத்தான் கேக்கறேன்" என்றாள் அவள். எனக்குச் சுருக்கென்றது. நீ கொடுப்பாய் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லிவிட்டேனா, டீயைக் குடித்துவிட்டேனா, அதுவும் சரியாக நினைவில்லை. திரும்பி வரும்போது பை காலியாகத்தான் இருந்தது. ஆனால் போகும்போது இருந்த சந்தோஷம் இல்லை.

அதன்பிறகு நான் விசாரிக்க ஆரம்பித்தேன். அந்த வி.ஏ.ஓ. பெண் பொறுமையாகச் சொன்னாள்: எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று எழுதுவதுதான் அடங்கல். அதில் சாகுபடி செய்கிறவர் பெயரைக் குறிக்கலாம். நிலத்துக்காரர் சம்மதம் எழுதிக் கொடுத்தால் குத்தகைக்காரர் பெயரிலேயே தருவார்கள். அது இருந்தால் பயிர்க் காப்பீடு, பயிர்க்கடன், அடுத்த முறை நிவாரணம் எல்லாம் அவருக்கே போகும். "எல்லாரும் பயந்துகிட்டு எழுதிக் குடுக்கறதில்லம்மா" என்றாள். "எதுக்குப் பயம்?" என்றேன். "நெலம் போயிடும்னு." "போயிடுமா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, "அதை நான் சொல்லக்கூடாதும்மா, வக்கீலக் கேளுங்க" என்றாள்.

வக்கீலைக் கேட்டேன். ஒன்றும் ஆகாது என்றார். நான் செருப்பு மாட்டும்போது, இருந்தாலும் ஜாக்கிரதை என்றார். எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியார், குத்தகைக்காரனைக் காப்பாற்றத்தானே சட்டமே இருக்கிறது என்றார்; அப்படியானால் உங்கள் நிலத்தில் எழுதிக் கொடுத்தீர்களா என்றால், அது வேறு விஷயம் என்கிறார். மாமா போனிலேயே கத்தினார். "ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பேரு ஏறிட்டா பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலையணும். அரசாங்கம் இப்படித்தான் காசக் காட்டிக் குடும்பத்தக் கெடுக்கும்" என்றார். அவருடைய மக்காச்சோளக் காட்டுக்கென்று அரசாங்க மானியத்தில் வாங்கின சொட்டுநீர்க் குழாய் சுருட்டினபடி கொட்டகையில் தொங்குகிறது. அதை நான் கேட்கவில்லை. அவரும் தன் காட்டில் வெயிலில் நிற்கிறவர்தான். அவர் பயத்தையும் நான் தப்பென்று சொல்லமாட்டேன். எல்லோரிடமும் கேட்டு முடித்தபோது, கேட்பதற்கு முன்னால் தெரிந்த கொஞ்சமும் எனக்குக் குழம்பிவிட்டது. உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? "அவசரப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாய். சரி, பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று நான் இருந்துவிட்டேன். எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இந்த வருஷம் சம்பா நட்டு முடித்த பிறகு, ஐப்பசியில், காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்குகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. நீ ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தோணிக்குப் போன் செய்து, "ஆதார எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வா, நான் சம்மதம் எழுதித் தரேன்" என்றேன். வருகிறேன் என்றான். போய் வெயிலில் காத்திருந்தேன், வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து அவன் வீட்டுக்கே போனேன். வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"ஏம்ப்பா வரல?"

"பேரெல்லாம் வேணாம்மா. இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

"போன வருஷம் பயிரு போனப்ப கஷ்டப்பட்டது நீதானே?"

"கஷ்டப்பட்டாலும் நெலம் இருக்குதுல்லம்மா. பேரு வந்து நெலம் போச்சுன்னா நான் பேர வச்சுக்கிட்டு என்னா செய்வேன்?"

"நெலம் ஏன் போவுது? நான்தானே எழுதிக் குடுக்கறேன்?"

அவன் மண்வெட்டியின் பிடியைத் திருகிப் பார்த்தான். உள்ளிருந்து ஆரோக்கியம் வந்தாள். "சொல்லேன். ஏன் மூடி மறைக்கற?" என்று அவனைப் பார்த்துக் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள். "தம்பி போன் பண்ணிச்சும்மா. ஆடியிலயே பண்ணிச்சு. அடங்கல்ல பேரு ஏறுச்சுன்னா அடுத்த போகத்துக்கு வேற ஆளுக்கிட்ட குடுத்துடுவேன்னு சொல்லிச்சு. அம்மாகிட்ட சொல்ல வேணாம், மனசு கஷ்டப்படுவாங்கன்னும் சொல்லிச்சு."

தம்பி, அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய்? உன்மேல் கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீ சொன்னது, என் மனசு நோகக்கூடாது என்றுதானே? அதை நினைத்தால் கோபம் தங்கவில்லை. நீ அவனை மிரட்டினாயா, இல்லை உனக்கு இருக்கிற பயத்தைத்தான் சொன்னாயா? "அண்ணே" என்று கூப்பிட்டுத்தான் பேசினாயாம். அந்தோணி அதை இரண்டு தடவை சொன்னான்: "தம்பி மரியாதையாத்தாம்மா பேசிச்சு." மரியாதையாகப் பேசினது அவனுக்கு ஆறுதலா, அதுதான் அதிக வலியா என்று அவன் முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். சரி, விட்டுவிடலாம் என்றுதான் எழுந்தேன். அப்போது ஆரோக்கியம் சொன்னாள்: "இவரு பேரு வேணாம்னா என் பேர எழுதுங்கம்மா." அந்தோணி, "ஒனக்கென்னா தெரியும், சும்மா இரு" என்றான். "நாத்துப் பறிக்கறது நானு. நடவுக்கு ஆளு கூட்டியாறது நானு. களையெடுக்கறது நானு. மருந்தடிக்கறது மட்டும் நீ. என் பேர எழுதினா என்னா தப்பு?" என்று கேட்டாள். "அப்புறம் நெலம் போனா?" என்றான் அவன். "போனா நான் கூலிக்குப் போறேன். எங்க அம்மா போகலயா? ஆனா ஒருக்கா என் பேரு அதுல இருந்துச்சுன்னு இருக்கட்டும்" என்றாள். அந்தோணி மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுத் தெருப்பக்கம் போய்விட்டான். போகாதே என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஆபீசில் அந்த வி.ஏ.ஓ. பெண், "சாகுபடி செய்யறது யாரு?" என்று கேட்டாள். கேள்வி என்னவோ லேசானதுதான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு, நான்தானே இத்தனை நாள் தாளில் அந்த இடத்தில் இருந்தேன் என்று ஒரு நினைப்பு. அவளுக்கு என்ன நினைப்போ. "நான்தாங்க" என்றாள். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா, யாரு?" என்று அந்தப் பெண் திரும்பக் கேட்டாள். "ஆரோக்கியம்மேரி. நான்தான் பயிர் வக்கிறேன்" என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். இதைத்தான் மாமா உன்னிடம் சொல்லியிருக்கிறார். இதற்குத்தான் நீ, ஏம்மா இப்படிப் பண்ணினே என்று கேட்டாய்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. காப்பீட்டுக்கு அவள் பெயரில் பணம் கட்டி ரசீது வந்துவிட்டது. அந்தோணி அவளோடு பேசுவதில்லை. சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிடுகிறானாம், அவ்வளவுதான். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறான், நின்று பேசுவதில்லை. மாமா தீபாவளிக்கு வரவில்லை. இதற்கு நடுவில், விவசாயிகளுக்கு என்று தவணை தவணையாக வருகிற அந்த இன்னொரு உதவித்தொகை இப்போதும் என் கணக்குக்கே வருகிறது. அதை நிறுத்தச் சொல்லவா என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டேன். அது நிலம் வைத்திருப்பவருக்கு, இது பயிர் வைத்திருப்பவருக்கு என்றாள். அப்படியானால் ஒரு தாளில் நான் விவசாயி. இன்னொரு தாளில் இல்லை. அந்தப் பெண் அதைச் சொல்லும்போது சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபிறகு யோசித்தால், எதற்குச் சிரித்தேன் என்று விளங்கவில்லை. அரசாங்கம் நல்லது செய்யத்தான் கொடுக்கிறது. அது எங்கள் நாலு பேர் நடுவில் வந்து விழுந்ததும், இத்தனை வருஷம் கேட்காமலே விட்டுவைத்திருந்த ஒரு கேள்வியை எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அது நல்லதா, கெட்டதா? உங்கள் அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் எதையும் எழுதிக் கொடுத்திருக்கமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. வந்ததை வாங்கி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, பேப்பரைப் படித்துக்கொண்டிருந்திருப்பார். அதுவும் ஒரு வழிதான். எனக்கு அது போதவில்லை. அது என் குணம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கே புத்தி தெளிவாக இல்லை. நிலம் உன் பெயருக்கு வந்தபிறகு சம்மதம் கொடுப்பதும் மறுப்பதும் உன் கையில். நான் போட்ட கையெழுத்தை அடுத்த வருஷம் நீ போடாமல் இருந்தால் அதோடு முடிந்தது. நான் தடுக்கமாட்டேன். நாளைக்குக் கோர்ட்டு கேஸ் என்று வந்தால் அலையப்போவது நீ. உன் பயம் தப்பு என்று சொல்ல எனக்கு எந்த வக்கீலும் தைரியம் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று செய். பத்திரம் எழுத வரும்போது ஒரு நாள் முன்னாடியே வா. பெரம்பலூரில் இறங்கி அரியலூர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடாதே. நேரே திருமானூருக்குப் போ. தை பிறந்தால் அறுப்பு ஆரம்பித்துவிடும், ஆரோக்கியம் வயலில்தான் இருப்பாள். போனில் அந்தோணியிடம் சொன்னதை அவளிடம் நேரில் சொல். அவள் முகத்தைப் பார்த்து, அதே வார்த்தைகளைச் சொல்ல முடிந்தால், நீ சொல்வதில் ஏதோ நியாயம் இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இது சரியான வழியா என்றும் எனக்குத் தெரியவில்லை. நான் உன் பக்கமா, அவள் பக்கமா என்று நீ கேட்பாய். நீ என் பிள்ளை. அவள் பயிர் வைத்தவள்.

சொல்ல முடியவில்லை என்றால், அதற்காக வெட்கப்படாதே. அவள் சோறு கொண்டுவந்திருப்பாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வா. நான் எதுவும் கேட்கமாட்டேன்.

அம்மா